கடைக்காலில் கிடைத்த குழந்தை

கீழ்பென்னாத்தூர்
5-12-2004

அன்பு மகள் எழிலரசிக்கு அப்பா எழுதுவது. அண்ணாமலையார் புண்ணியத்தில் இங்கே எல்லோரும் கைகால் சுகத்தோடு இருக்கிறோம், அங்கே உன் உடம்பும் மனசும் அப்படியே இருக்கவேண்டும் என்பதுதான் எங்கள் வேண்டுதல். தீபத்தன்று மாடியிலிருந்தே மலைமேல் ஜோதி தெரிந்தது, உனக்கும் சேர்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டோம். கடலை இந்த வருஷம் பரவாயில்லை, மழைதான் கம்மி. போன் இருக்கும்போது இந்த மனுஷன் எதற்குக் கடுதாசி எழுதுகிறான் என்று நினைப்பாய். போனில் நீ "அப்பா" என்று கூப்பிட்டதும் நான் வெண்ணெயாக உருகிவிடுகிறேன், சொல்லவந்ததை விட்டுவிட்டு மழையைப் பற்றிப் பேசிவிடுகிறேன். உன்மேல் எனக்குக் கோபம். அதைச் சொல்லத்தான் பேனாவை எடுத்தேன், முழுசாகப் படி.

போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில் அம்மாவிடம் கத்திவிட்டு வைத்தாயே, அன்றிலிருந்து அவள் சரியாகச் சாப்பிடவில்லை. போன் மணி அடித்தால் மாட்டுக் கொட்டகைப் பக்கம் போய்விடுகிறாள். நேற்று நீ கூப்பிட்டபோது "அம்மா கடைக்குப் போயிருக்கா" என்று உன் தம்பி இளவரசன் சொன்னது பொய். அவள் கதவுக்குப் பின்னால்தான் நின்றுகொண்டிருந்தாள். என்ன நடந்தது என்று நீ கேட்கவும் இல்லை, அவள் சொல்ல நீ விடவும் இல்லை, அதனால் நான் சொல்கிறேன். மார்கழி பிறப்பதற்குள் தம்பி வீட்டுக்குக் கடைக்கால் போட்டுவிடலாம் என்று கொல்லையில் தோண்டினோம். இடுப்பளவு ஆழத்தில் மண்வெட்டி டங்கென்று பட்டது. பார்த்தால் அந்தக் காலத்தில் செத்தவர்களை வைத்துப் புதைத்த பெரிய தாழி, வாய் உடைந்து, உள்ளே மண்ணும் எலும்பும். சக்கரபாணி மேஸ்திரிக்கு முகம் வெளுத்துவிட்டது. "அம்மா, அதிகாரிங்களுக்குத் தெரிஞ்சா வீடு கட்ட வுடமாட்டாங்க, ராவோட ராவா ஏரியில போட்டுட்டு வேலையப் பாப்போம்" என்றான். உன் தம்பியும் தலையை ஆட்டினான். உண்மையைச் சொல்கிறேன், நானும் வாயைத் திறக்கவில்லை. உன் அம்மாதான் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு குழியில் இறங்கினாள். "எம்பொண்ணு கடல் தாண்டிப் போய் இந்த வேலைதான் செய்யறா, எவனாச்சும் கை வச்சீங்க, அவ்ளோதான்" என்று ஒரு சத்தம் போட்டாள் பார், மேஸ்திரி மண்வெட்டியைப் போட்டுவிட்டு பீடி பற்றவைக்கப் போய்விட்டான்.

ஊரில் யாராவது கேட்டால் நான், பொண்ணு அரிசோனாவில் ரோடு போடுகிற கம்பெனியில் இருக்கிறாள் என்று சொல்லிவிட்டுப் போய்விடுவேன். அம்மாதான் நிறுத்தித் திருத்துவாள். "ரோடு போடற வேலை இல்லைங்க, ரோடு போடறதுக்கு முன்னாடி அந்த மண்ணுல யார் வாழ்ந்தாங்கன்னு நடந்து பாத்துச் சொல்ற வேலை, அவ சரின்னாத்தான் மிஷின் இறங்கும்" என்று பெருமை பொங்கச் சொல்லுவாள். அப்படிப்பட்டவளே ஏன் தாழிக்குள் கைவைத்தாள்? தாழிக்குள் இருந்தது ஒரு சின்னக் குழந்தை, கண்ணு. கை எலும்பெல்லாம் முருங்கை ஈர்க்கு கனம்தான். கூடவே நாலைந்து சிவப்புப் பாசிமணி. அதைப் பார்த்ததும் அவளுக்கு என்னவோ ஆகிவிட்டது. "ஐயோ, எந்த மகராசி பெத்ததோ, இப்பிடி சேறும் மண்ணுமா கெடக்குதே" என்றாள். மளமளவென்று வெந்நீர் வைத்தாள், மஞ்சள் அரைத்தாள், ஒவ்வொரு எலும்பாக எடுத்துத் தலைக்கு ஊற்றுகிற மாதிரி கழுவினாள். தன்னுடைய பழைய நூல் புடவையைக் கிழித்து, அதில் சுற்றி முறத்தில் படுக்கவைத்தாள். தாழியையும் தேங்காய்நார் போட்டுத் தேய்த்துக் குங்குமம் வைத்துவிட்டாள். அதைத்தான் ஆசையாக உன்னிடம் சொன்னாள். நீ "யாரும்மா உன்னத் தொடச் சொன்னது, எல்லாத்தையும் கெடுத்துட்டியே" என்றாய்.

கெட்டதுதான், நான் இல்லையென்று சொல்லவில்லை. கலெக்டர் ஆபீசுக்குத் தகவல் சொன்னோம், தொல்லியல் அதிகாரி ஒருத்தர் வேங்கிக்காலிலிருந்து ஜீப்பில் வந்தார். எது மேலே எது கீழே கிடந்தது, எந்த மண்ணோடு ஒட்டியிருந்தது என்பதில்தான் விஷயமே இருக்கிறது, கழுவிய பிறகு அதைப் படிக்க முடியாது என்று அவரும் பொறுமையாகச் சொன்னார். அம்மா தலை குனிந்து கேட்டுக்கொண்டாள். தம்பி வீட்டை மேற்கே தள்ளிக் கட்டிக்கொள்ளச் சொல்லிவிட்டேன், அந்த இடத்தை அவர்கள் முறையாகத் தோண்டிப் பார்க்கட்டும். நீ சொன்னது நியாயம், சொன்ன விதம்தான் நியாயமில்லை. ஒன்று கேட்கிறேன், பதில் சொல். அங்கே எலும்பு கிடைத்தால் வேலையை அப்படியே நிறுத்திவிட்டு, அந்த மண்ணின் பூர்வகுடிப் பெரியவர்களைக் கூப்பிடுவோம், அவர்கள் வந்து செய்யவேண்டியதைச் செய்கிறவரைக்கும் நாங்கள் தொப்பியைக் கழற்றிக்கொண்டு ஒதுங்கி நிற்போம் என்று நீதானே போன வருஷம் சொன்னாய்? அந்த மரியாதை நம் கொல்லையில் கிடந்த குழந்தைக்குக் கிடையாதா? அதற்குச் செய்யவேண்டியதைச் செய்ய இங்கே யாரைப் போய்க் கூப்பிடுவது? கூப்பிடாமலே ஒருத்தி வந்தாள். அவளிடம்தான் நீ கத்திவிட்டாய்.

சரி, என் கோபம் இறங்கிவிட்டது. பாலைவனத்தில் வெயில் ஜாஸ்தி என்கிறாய், தண்ணீர் பாட்டில் இல்லாமல் இறங்காதே, பூட்சைப் போடுமுன் தட்டிப் பார்த்துப் போடு, தேள் இருக்கும். ராத்திரி சோற்றுக்குப் பதிலாக ரொட்டியைக் கடித்துவிட்டுப் படுக்காதே. இதை எழுதிக்கொண்டிருக்கும்போது அம்மா வந்து எட்டிப் பார்த்தாள். கடலை விலை எழுதுகிறேன் என்றேன். அவள் நம்பவில்லை. "இனிமே அவ சம்மந்தப்பட்ட எதையும் நான் தொடமாட்டேன்னு எழுதிடுங்க" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். அதை நான் எழுதமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அவளுக்கு நீதான் பதில் சொல்லவேண்டும்.

தீர்க்காயுசோடு, எடுத்த காரியமெல்லாம் கைகூடி, நீ நன்றாக இருக்கவேண்டும். ஞாயிற்றுக்கிழமை போன் செய், நான் எடுத்தாலும் என்னிடம் பேசாதே, அம்மா வருகிறவரைக்கும் வைக்காதே.

ஆசீர்வாதத்துடன்,
அப்பா
கோ. அருணகிரி