பச்சை எரிநட்சத்திரம்

டிசம்பர் 9, செவ்வாய்

எட்டாம் வகுப்பு வாண்டுகள் ஆறு பேருக்கு எரிநட்சத்திரம் பார்த்து எழுதக் கற்றுத்தர வேண்டுமாம். கமலக்கண்ணன் சார் என் தலையில் கட்டிவிட்டார். பள்ளி மணியை அரை மணி முன்னால் அடித்தது நான்தான் என்று தெரிந்துவிட்டதோ?

விதி எளிது. மல்லாந்து படு. ஒன்று விழுந்தால் ஒரு கோடு, பக்கத்தில் நிறம். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை சார் விசில் ஊதுவார், அடுத்த வரி. பதின்மூன்றாம் தேதி இரவு எழுதும் தாள்கள், உலகம் முழுக்க எரிநட்சத்திரக் கணக்கைத் தொகுப்பவர்களுக்குப் போகும்.

"ஒரு பொய்க்கோடு இருந்தாலும் அனுப்ப மாட்டேன், விமல்ராஜ்" என்றார் சார்.

டிசம்பர் 11

பாகலூர் மைதானத்தில் ஒத்திகை. ஐந்து பேருக்கு ஏழு, எட்டு. நான் குடுத்த டார்ச் வெளிச்சத்தில் தாளெல்லாம் முத்து முத்தாக. சமீருக்கு மட்டும் பதினாறு! அதுவும் கோழி கிளறின மாதிரி.

"வானம் உனக்கு மட்டும் போனஸ் குடுக்குதாடா?"

"பார்த்ததத்தான் எழுதனேன் அண்ணா."

எரிநட்சத்திரம் பார்க்கப் போய் எரிச்சல்தான் மிச்சம்.

டிசம்பர் 12

பதினாறு! பொய் சொல்கிறவனை எனக்குத் தெரியாதா? நானே அந்தத் தொழில்தானே. சாரிடம் சொன்னேன். பட்டியலில் சமீர் பெயரை அடித்துவிட்டார். அவன் ஏன் என்றுகூடக் கேட்கவில்லை — அதுவே சந்தேகமாக இருக்கிறது.

டிசம்பர் 13, சனி

சமீர் வந்துவிட்டான். "பேர் இல்லாட்டியும் பார்க்கலாம்ல அண்ணா?" தாளோடு தள்ளிப் படுத்தான். மாட்டவைக்கிறேன் பார் என்று, பத்தரை மணிக்கு, வானம் சும்மா கிடந்த நேரத்தில் கத்தினேன்: "அதோ! பச்சை!" பொய்யன் எழுதுவான்.

முடிந்ததும் தாள்களை வாங்கினேன். பச்சை. பச்சை. பச்சை. பச்சை. யுவஸ்ரீ 'நீள வால்' என்றே சேர்த்திருக்கிறாள்!

"நீ பார்த்தியா?"

"நீங்க சொன்னா இருக்கும்ல அண்ணா."

சமீர் தாளில் பச்சையே இல்லை.

அப்போ அந்தப் பதினாறு?

"எழுதக் குனிஞ்சா ரெண்டு மூணு போயிடுது அண்ணா. நான் தாளப் பார்க்காமயே கிறுக்கிடுவேன்."

அய்யோ. அழகா எழுதணும்னு டார்ச்சைக் குடுத்து எல்லாரையும் குனிய வெச்சது யாரு? நான்தானே.

பச்சையை மட்டும் அழித்துவிட்டால்? சாருக்குத் தெரியாது. ஆனால் மீதிக் கோடுகளில் எத்தனை, பார்க்காமல் யாரோ கத்தியதைக் கேட்டு எழுதியது?

டிசம்பர் 15

சாரிடம் சொல்லிவிட்டேன். "இதுவும் உன் விளையாட்டா?" நம்பவே இல்லை! ஐந்து தாள்களையும் விரித்து, பச்சை இல்லாத சமீர் தாளையும் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். ஐந்தையும் வாங்கி பீரோவில் வைத்துப் பூட்டினார். யுவஸ்ரீ என்னிடம் பேசவில்லை.

டிசம்பர் 16

ஒரே ஒரு தாள் போகிறது. கிறுக்கல் அவர்களுக்குப் புரியாது என்று என்னைப் படியெடுக்கச் சொன்னார் சார். பார்த்தவர் பெயர்: சமீர். இருபத்தொன்பது கோடுகள். கடைசிக் கோடு வரைக்கும் சமீர் பக்கத்திலேயே உட்கார்ந்து, என் பேனா முனையையே பார்த்துக்கொண்டிருந்தான்.