ஒரே ஒரு ரிங்

லாத்தா,

இந்தச் சிம் கார்டு என் உள்ளங்கையில் கிடக்கிறது. சுண்டுவிரல் நகம் அளவுகூட இல்லை. இன்று காலை சிராங்கூன் சாலைப் பக்கம் ஒரு போன் கடையில், விற்கிற பெண் இதைப் பழைய போனிலிருந்து ஊசியால் நெம்பி எடுத்தாள். "ஆன்ட்டி, இனிமே இது தேவையில்லை. புதுப் போனுக்குள்ளேயே எல்லாம் இருக்கு, கார்டே கிடையாது" என்றாள். குப்பையில் போடட்டுமா என்று கேட்டாள். நான் வாங்கிக் கையை மூடிக்கொண்டேன்.

நீ விற்ற கார்டு இது. வாங்கும்போது தபால் தலை அளவு இருந்தது. போன் மாற்றிய போதெல்லாம் ஓரத்தை நீதான் வெட்டிக் கொடுத்தாய். இரண்டு தடவை வெட்டினாய். "இன்னும் ஒரு தடவை வெட்டினா உன் நம்பர்தான் மிஞ்சும் புள்ள" என்று சிரித்தாய். இன்றைக்கு அப்படியே ஆகிவிட்டது.

பேத்தி யாழினி கூட வந்திருந்தாள். பழைய போனில் இருந்ததையெல்லாம் புதியதில் ஏற்றிவிட்டுச் சரிபார்த்தவள், ஓர் இடத்தில் நின்றுவிட்டாள்.

"பாட்டி, லாத்தா பாட்டி உங்களுக்கு ஒன்பது மிஸ்டு கால் குடுத்திருக்காங்க. கடைசி கால் அவங்க இறந்ததுக்கு முந்தின நாள். ஒண்ணுகூட நீங்க எடுக்கலையே, ஏன்?"

"புது போன் வேலை செய்யுதான்னு மட்டும் பாரு" என்றேன்.

அவளிடம் சொல்லவில்லை. உன்னிடம் சொல்லியாக வேண்டும். நீ ஒன்றை நம்பிக்கொண்டு போய்விட்டாய். அது உண்மையில்லை. இத்தனை மாதம் அதை விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. நாலாம் வகுப்போடு நின்றவள் எழுதுகிறேன். எழுத்துப் பிழையை யாழினி திருத்தட்டும். அவள் கேள்விக்கும் அப்போது பதில் கிடைத்துவிடும். என் கோபத்தைத் திருத்த மட்டும் அவளை விடமாட்டேன்.

உன்னை முதலில் பார்த்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. கடைகளுக்கு முன்னால் இருக்கும் நடைபாதையில், ஒரு மடக்கு மேசையைப் போட்டு, சிங்கப்பூரிலிருந்து ஊருக்குப் பேசும் போன் கார்டுகளைக் கயிற்றில் தோரணம் மாதிரி மாட்டியிருந்தாய். ஞாயிறு என்றால் கட்டட வேலைக்காரர்கள் அந்தத் தெருவில் எள் விழ இடமில்லாமல் நிற்பார்கள். உன் வீட்டுக்காரருக்குக் கண் மங்கிவிட்டது, கூட நிற்க ஓர் ஆள் வேண்டும் என்றாய். வாரம் முழுக்கப் பள்ளிக் கேன்டீனில் காய் நறுக்கிக்கொண்டிருந்த நான் வந்து சேர்ந்தேன். உங்கள் வீடுகளில் அக்காவை லாத்தா என்று கூப்பிடுவார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, அன்றைக்கே அப்படிக் கூப்பிட ஆரம்பித்தேன்.

எனக்கு எழுத்து சரியாக வராது. எண்கள் வரும். ஒரு தடவை காதில் விழுந்த எண் போகாது. வாடிக்கையாக வருகிறவர்களின் ஊர் எண்கள் நூற்றுக்கு மேல் என் தலைக்குள் இருந்தன. அந்தப் புதுக்கோட்டைக்காரரை நினைவிருக்கிறதா? எண் எழுதிய தாளைச் சட்டைப் பையில் வைத்துத் துவைத்துவிட்டார். ஊரில் பக்கத்து வீட்டில்தான் போன், மனைவியை அங்கேதான் கூப்பிட வேண்டும். ஈரத் தாளை மேசையில் விரித்துவைத்துக்கொண்டு நின்றார். எழுத்தே இல்லை, நீல மசி மட்டும் பரவியிருந்தது.

"போன மாசம் நீங்க சொன்னீங்களே அண்ணே, இதுதானே?" என்று நான் ஒப்பித்தேன்.

அவர் அந்த எண்ணை அடித்துப் பார்த்தார். மறுமுனையில் குரல் கேட்டதும் நடைபாதையிலேயே உட்கார்ந்துவிட்டார். நீ அவர் தலைக்கு மேலே கையை ஆட்டி எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாய்: "எங்க தங்கச்சிக்கு டைரக்டரி எதுக்கு லா? அவ தலையே டைரக்டரி!"

அன்றிலிருந்து அந்தத் தெருவில் நான் நம்பர் அக்கா.

கடையைக் கட்டினால் நீ புக்கிட் பாஞ்சாங் பஸ், நான் மார்சிலிங் பஸ். வீடு சேர்ந்ததும் தெரிவிக்க ஒரு வழி நீதான் கண்டுபிடித்தாய். அந்தக் காலத்தில் நம்முடைய கார்டுகளில், வரும் அழைப்பை எடுத்தாலும் எடுத்தவருக்குக் காசு போகும். அதனால் ஒரே ஒரு ரிங். அடித்ததும் வெட்டிவிட வேண்டும். "ஒரு ரிங் விட்டா நல்லபடியா இருக்கேன்னு அர்த்தம். எடுத்துத் தொலைச்சிடாதே புள்ள. நீ எடுக்காம இருந்தாலே உனக்குப் புரிஞ்சுடுச்சுன்னு எனக்குத் தெரியும்." எத்தனை வருஷம் அப்படி! உன் ரிங் வந்த பிறகுதான் எனக்குச் சோறு இறங்கும்.

அப்புறம் டேட்டா வந்தது. முதலில் யாரோ ஓரிருவர் கையில், பிறகு எல்லோர் கையிலும். கார்டு வாங்க நின்ற கூட்டம் எதிர் மைதானத்துப் புல்லில் உட்கார்ந்து போனை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டது. ஒரு ஞாயிறு மதியம் வரைக்கும் இரண்டே கார்டு விற்றோம். எனக்கு ஆத்திரம். அந்த டேட்டாவைக் கண்டுபிடித்தவன் யார் என்று தெரிந்திருந்தால் அவன் வீட்டு வாசலுக்கே போயிருப்பேன். என் தலையில் இருந்த நூற்றுச் சொச்சம் எண்களும் ஒரே வருஷத்தில் யாருக்கும் வேண்டாதவை ஆகிவிட்டன. நம்பர் அக்கா என்று கூப்பிட ஆளில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் முழுசாகப் போகவில்லை.

நீ மேசையை மடக்கிக்கொண்டே மைதானத்தைக் காட்டினாய். நம் புதுக்கோட்டைக்காரர் போனுக்குள்ளே யாரையோ பார்த்து நாக்கைத் துருத்திக் காட்டிக்கொண்டிருந்தார்.

"பாரு, அவரு மக மூஞ்சியைப் பாக்குறாரு. நான் வித்த கார்டுல மூஞ்சி தெரிஞ்சுதா? நல்லதுக்குத்தானே புள்ள வந்திருக்கு, ஏன் மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிறே?"

பிழைப்பைக் கெடுத்ததை வாழ்த்திய ஒரே ஆளை நான் அன்றுதான் பார்த்தேன். நீயே அடுத்த மாதம் ஒரு தொடுதிரைப் போன் வாங்கிவிட்டாய். எனக்கும் கற்றுக்கொடுத்தாய். எழுத வராத எனக்குக் குரல் பதிந்து அனுப்பும் வசதி பெரிய வரம். நீ கஞ்சி காய்ச்சுவதை எனக்குக் குரலில் சொல்வாய், நான் கேன்டீன் மேனேஜரைத் திட்டுவதை உனக்குக் குரலில் அனுப்புவேன். ஒரு ரிங் விடுகிற பழக்கம் எப்போது நின்றது என்று எனக்குத் தெரியவே இல்லை. தேவையில்லாமல் போய்விட்டது, அவ்வளவுதான்.

இனிச் சொல்லப்போவதுதான் விஷயம்.

உன் பேத்தியின் நிக்காஹ் அழைப்பு எனக்குப் போனில் வந்தது. பூப்போட்ட படம், அடியில் பாட்டு. மேலே ஃபார்வேர்டு என்று போட்டிருந்தது, ஐம்பது பேருக்கு அனுப்பியதில் ஒன்று. என் மகன் கல்யாணத்துக்கு நான் தட்டில் பழம், வெற்றிலை வைத்து, பட்டுப் புடவை கட்டி, இரண்டு பஸ் மாறி உன் வீட்டுக்கு வந்தேன். என்னைக் கூப்பிட உனக்கு ஒரு கட்டைவிரல் போதுமாகிவிட்டது. என் மகன் "இப்ப எல்லாரும் இப்படித்தானேம்மா அனுப்புறாங்க" என்றான். எல்லாரும் அனுப்பட்டும். நீ யார், எல்லாரிலும் ஒருத்தியா?

நான் வரவில்லை. வாழ்த்தும் அனுப்பவில்லை. உன் குரல் பதிவு ஒன்று வந்தது, திறந்தே பார்க்கவில்லை. பிறகு அதை அழித்தும்விட்டேன். நான் அப்படிப்பட்டவள்தான்.

இரண்டு மாதம் கழித்து ஒரு சாயங்காலம் போன் ஒரு தடவை அடித்து நின்றது. லாத்தா என்று பெயர் வந்தது. மறுநாளும் அதே நேரம், அதே ஒரு தடவை. மூன்றாம் நாள் போன் என் கையிலேயே இருந்தது, விரல் பச்சைப் பொத்தானுக்கு மேலே. "இப்பப் பேசுறதுக்குக் காசா போகுது? பேசணும்னா முழுசா அடிக்க வேண்டியதுதானே. ஒரு ரிங் விட்டுட்டு வெச்சா, நானே திரும்பக் கூப்பிட்டு வந்து நிப்பேன்னு நினைப்பா" என்று வாய்விட்டுச் சொன்னேன். எடுக்கவில்லை. இப்படி ஒன்பது சாயங்காலம்.

பத்தாம் நாள் ரிங் வரவில்லை. உன் மகள்தான் அழைத்தாள். முழுசாக, நான் எடுக்கும்வரை அடித்தாள்.

நீ போன மூன்றாம் நாள், ஃபாத்திஹா ஓதும் அன்று, உன் வீட்டுக்கு வந்தேன். உன் மகள் என்னை அடுப்படிக்குக் கூட்டிப்போய்க் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"சாச்சி, உம்மா ஆஸ்பத்திரியில இருந்ததை யாருக்கும் சொல்லக் கூடாதுன்னுட்டாங்க. முகத்துல மாஸ்க், பேச முடியலை. ஆனா தினம் சாயங்காலம் அசர் தொழுகைக்கு அப்புறம் போனை எடுத்து உங்களுக்கு மட்டும் ஒரு ரிங் விடுவாங்க. வீடியோ கால் போட்டுத் தரவாம்மான்னு கேட்டேன், வேணாம்னு தலையாட்டிட்டாங்க. சாச்சி எடுக்கவே இல்லையேன்னேன். மாஸ்கை நகர்த்திட்டுச் சிரிச்சாங்க. 'எடுக்க மாட்டா. அவளுக்குப் புரிஞ்சுடுச்சு'ன்னாங்க."

சோற்றுப் பானையைப் பிடித்துக்கொண்டேன்.

ஊரார் எண்ணையெல்லாம் மறக்காத நான், லாத்தா, இந்த ஒன்றை மறந்துபோனேன். உன் அழைப்பிதழில் ஃபார்வேர்டு என்று போட்டிருந்ததை மறக்கவில்லை. ஒரு ரிங் என்றால் நல்லபடியாக இருக்கிறேன் என்று அர்த்தம், எடுக்காதே என்று அர்த்தம். அதை மறந்தேன்.

உன் மகள் இன்னும் ஒன்று சொன்னாள். அழைப்பு வைக்க எங்கள் வீட்டுக்கு மட்டும் நேரில்தான் போவேன் என்று இரண்டு தடவை கிளம்பினாயாம். லிஃப்ட் வரை போய், மூச்சு வாங்கி, தட்டோடு திரும்பி வந்தாயாம். நான் திறக்காமல் அழித்த பதிவில் என்ன சொல்லியிருந்தாய் என்று அவளைக் கேட்டேன். அவளுக்கும் தெரியவில்லை.

இன்று போன் கடையிலிருந்து திரும்பி வரும்போது ரயிலில் யாழினி புதுப் போனின் பெருமையைப் பேசிக்கொண்டே வந்தாள். "இன்னும் கொஞ்ச வருஷத்துல போன் நேரா சாட்டிலைட்டோட பேசும் பாட்டி. நடுக்கடல்லயும் சிக்னல் கிடைக்கும். கையில ஒரு வாட்ச் கட்டிக்கிட்டா போதும், மூச்சு எப்படி இருக்கு, இதயம் எப்படி அடிக்குதுன்னு வீட்டுல இருக்கிறவங்களுக்கு அதுவே சொல்லிடும்."

அப்படி ஒன்று உன் கையிலும் என் கையிலும் இருந்திருக்க வேண்டும். நீ மறைத்ததை அது எனக்குக் கோள் சொல்லியிருக்கும். லிஃப்ட் வாசலில் நீ மூச்சு வாங்கியதும் மார்சிலிங்கில் என் மணிக்கட்டு துடித்திருக்கும். நானே உன் வீட்டுக்கு வந்து அந்தத் தட்டை வாங்கியிருப்பேன். டேட்டாவைத் திட்டியவள்தான் சொல்கிறேன், அது சீக்கிரம் வரட்டும். நம்மைப் போல ஒன்றையும் வாய்விட்டுச் சொல்லாதவர்களுக்கு அது வேண்டும்.

யாழினி கேட்டதற்குப் பதில் இதுதான். ஒன்பது தடவையும் நான் எடுக்காமல் விட்டது கோபத்தில். உன் ரிங்கைப் புரிந்துகொண்டு இல்லை. உன் மகளிடம் இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவள் என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள், நான் அந்தப் பெருமையை வாங்கிக்கொண்டு நின்றேன்.

ஆனால் இதை எழுதும்போது ஒரு சந்தேகம் வருகிறது. என்னை இருபது வருஷத்துக்கு மேல் பார்த்தவள் நீ. கோபம் வந்தால் நான் யார் முகத்திலும் முழிக்க மாட்டேன் என்பது உனக்குத் தெரியாதா? தெரிந்தே மகளிடம் அப்படிச் சொன்னாயா? எனக்காகவா, மாஸ்கை நகர்த்திவிட்டு, அந்த மூச்சில்?

அப்படியானால் அது என்னால் தாங்க முடியாத அன்பு. அப்படி இல்லை என்றால் நீ ஏமாந்து போனாய். எது என்று இனி யாரிடம் கேட்பது?

நான் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன், என்னை மன்னித்துவிடு. நோயை என்னிடம் மறைத்தாயே, அதை மட்டும் நான் மன்னிக்கவில்லை. மன்னிக்கப் போவதும் இல்லை. காலையில் காய் நறுக்கும்போது அதைச் சொல்லித்தான் உன்னைத் திட்டுகிறேன், நீயும் எதிரில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறாய். மன்னித்துவிட்டால், லாத்தா, உன்னிடம் பேச எனக்கு வேறு என்ன இருக்கிறது?