எள்ளுக் கண் பாண்டா

ஸ்ரீ:

மண்ணூர்,
செவ்வாய்க்கிழமை.

அன்புள்ள ஜயஸ்ரீ அக்காவுக்கு,

வசுதாவின் நமஸ்காரம். இங்கே நானும் இவரும் லீலாவும் சௌக்கியம். புனேயில் நீங்களும் அத்திம்பேரும் சௌக்கியமாக இருக்க வேண்டும்.

போன் இருக்கும்போது இதென்ன காகிதமும் பேனாவும் என்று நினைப்பீர்கள். உங்கள் குரல் உங்கள் தங்கை குமுதாவின் குரல் மாதிரியே இருக்கிறதாம். நீங்கள் கூப்பிட்டால் இவர் எழுந்து வாசல் பக்கம் போய்விடுகிறார். லீலாவோ போனைப் பிடுங்கிக் காதில் வைத்துக்கொண்டு, ஒன்றுமே பேசாமல் கேட்டுக்கொண்டிருக்கிறாள். அதற்கு நடுவில் நான் எதைச் சொல்வது? அதனால் எழுதிக் கூரியரில் போடுகிறேன்.

இந்த வருஷப் பள்ளிக்கூடம் முடிந்ததும் லீலாவைப் புனேக்கு அனுப்பிவிடும்படி போன மாதம் கேட்டீர்கள். பெற்றவளின் அக்காவிடம் வளர்வதுதான் குழந்தைக்கு நல்லது, உனக்கும் பாரம் குறையும் என்றீர்கள். பிறந்தநாள் முடியட்டும், சொல்கிறேன் என்று இவர் தள்ளிப்போட்டார். ஞாயிற்றுக்கிழமை பிறந்தநாள் முடிந்துவிட்டது. அன்று நடந்ததை இவர் வாயால் நீங்கள் கேட்பதற்கு முன்னால் நான் சொல்லிவிட வேண்டும்.

எல்லாம் எங்கள் கம்பெனியின் குடும்ப விழாவில் ஆரம்பித்தது. கேன்டீனில் ஜப்பான்காரர்களின் குழந்தைகளுக்காகச் சோற்றை உருண்டை பிடித்து, கறுப்பாக ஏதோ ஒட்டி, பாண்டா கரடி முகம் செய்து வைத்திருந்தார்கள். லீலா அந்தத் தட்டை விட்டு நகரவில்லை. என் பர்த்டேக்கும் பாண்டாதான் தீம் என்று அங்கேயே முடிவு பண்ணிவிட்டாள். இந்தக் காலத்துக் குழந்தைகளுக்குத் தீம் இல்லாமல் வயது ஏறாது போலிருக்கிறது.

நானும் உற்சாகமாகத்தான் இறங்கினேன். மினி இட்லிக்குத் திராட்சைக் கண். பிரெட்டை வட்டமாக வெட்டி, சாக்லேட் பிஸ்கட்டில் காது. கேக் கடையில் சொல்லியாகிவிட்டது. பாக்கி இருந்தது சோற்று உருண்டைதான். அந்தக் கறுப்பு என்ன என்று கேன்டீனில் கேட்டேன். கடல்பாசி என்றார்கள். நம் தளிகையில் கடல்பாசிக்கு எங்கே போவது? யோசித்துப் பார்த்துவிட்டுக் கறுப்பு எள்ளை எடுத்தேன்.

அந்த எள் டப்பாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். சமையலறை டப்பாக்களில் ஒட்டியிருக்கும் பெயரெல்லாம் குமுதா எழுதியது. கிழித்துப் போட எனக்கு மனசு வரவில்லை. பேய் பிசாசை நம்புகிறவள் இல்லை நான். ஆனால் தாளிக்கும்போது யாரோ பின்னால் நின்று, பெருங்காயம் போதாது என்று சொல்லப்போகிற மாதிரியே இருக்கும். திரும்பிப் பார்த்தால் ஒருவரும் இல்லை. இருந்தாலும் இன்னொரு சிட்டிகை போட்டுவிடுவேன். ஒரகடம் ரோட்டில் அவள் ஸ்கூட்டரோடு விழுந்த வளைவைத் தாண்டித்தான் என் கம்பெனி பஸ் தினமும் போகிறது. அந்த இடம் வந்தால் போனைப் பார்க்கிற மாதிரி தலையைக் குனிந்துகொள்கிறேன். அவள் வீட்டில் அவள் பாத்திரத்தில் சமைக்கிறவள் வேறென்ன செய்வாள்?

சாதத்தைக் குழைய வடித்து, வெண்ணெய் போட்டுப் பிசைந்து, உருண்டை உருண்டையாகப் பிடித்துத் தட்டில் வைத்தேன். எள்ளைக் கண்ணாக ஒட்டினேன். லீலாவின் சிநேகிதிகள் ஷெர்லினும் கவியாவும் இன்னும் நாலைந்து வாண்டுகளும் வந்துவிட்டார்கள். தட்டைக் கொண்டுவந்து மேஜையில் வைத்ததும் லீலாவின் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே. மலர்ந்து, அப்புறம் அப்படியே அமைதியாகிவிட்டது. சித்தி, இது அம்மாவுக்கு அப்பா வெப்பாரே, அந்த உருண்டைதானே, என்று கேட்டாள்.

அக்கா, சத்தியமாக எனக்குத் தோன்றவே இல்லை. என் அப்பாவும் அம்மாவும் நன்றாக இருக்கிறார்கள். பிண்டத்தை நான் கிட்டத்தில் பார்த்ததே இல்லை. குமுதாவின் திவசத்தை இவர் காஞ்சிபுரத்தில் போய்ச் செய்தபோது லீலாதான் கூடப் போனாள். சாதத்தில் எள்ளுப் பொடி கலந்து எள்ளோரை சாப்பிடுகிறவர்கள்தானே நாம், எள்ளில் என்ன தோஷம் என்று நினைத்தேனே தவிர, வெள்ளைச் சோறும் உருண்டையும் எள்ளும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று என் மரமண்டைக்கு எட்டவில்லை.

தட்டை எடுப்பதற்குள் லீலா ஓர் உருண்டையை எடுத்துக்கொண்டு பால்கனிக்கு ஓடிவிட்டாள். கைப்பிடிச் சுவரில் வைத்துவிட்டு, கா கா என்று கூப்பிட ஆரம்பித்தாள். அவள் கூப்பிடுவதைப் பார்த்து மற்ற குழந்தைகளும் ஓடிப்போய்க் கா கா என்று ஒரே கூச்சல். ஷெர்லின் மட்டும் என் புடவையைப் பிடித்துக்கொண்டு, இன்னா ஆன்ட்டி, காக்காவுக்கும் பர்த்டேவா, என்று கேட்டாள். மெழுகுவத்தியோடு வந்த இவர் வாசற்படியிலேயே நின்றுவிட்டார்.

திவசத்தன்று காஞ்சிபுரத்தில் நெடுநேரம் காத்திருந்தும் காக்கை வரவில்லையாம். இவர் அன்று முழுக்கச் சாப்பிடவில்லை. ஞாயிற்றுக்கிழமையோ கூப்பிட்ட மாத்திரத்தில் ஒன்று வந்தது. பறந்துவிடாமல், குழந்தைகளின் கூச்சலுக்கும் பயப்படாமல், கிட்டத்தில் உட்கார்ந்து கொத்தித் தின்றது. லீலா அதனிடம் மெதுவாக, இது சித்தி பண்ணினது, நன்னாருக்கா, என்று கேட்டாள். அது தலையைச் சாய்த்து அவளைப் பார்த்தது. அப்புறம் என்னைப் பார்த்தது. அந்தப் பார்வை இன்னும் என் முதுகில் இருக்கிறது.

கேக்கை வெட்டினோம், பாட்டுப் பாடினோம், குழந்தைகள் பலூனோடு வீட்டுக்குப் போனார்கள். இவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் அழுதுவிட்டுப் போயிருப்பேன். ஜயஸ்ரீ கேட்டது சரிதான், குமுதா குழந்தையைக் கேக்கறா, அதான் வந்துட்டா, அனுப்பிடலாம், என்றார். வருகிற ஞாயிற்றுக்கிழமை உங்களைக் கூப்பிட்டுச் சொல்லப்போகிறார்.

லீலா போய்விட்டால் எனக்குப் பாரம் குறையாது. அவள் இல்லாத இந்த வீட்டில் நானும் குமுதாவும் மட்டும்தான் இருப்போம். அதற்காக மட்டும் சொல்லவில்லை. ராத்திரி தூக்கத்தில் அவள் காலைத் தூக்கிப் போடுவது என் மேல்தான். அவள் எனக்கு வேண்டும்.

இவரிடம் கேட்கப் பயமாக இருக்கிறது, உங்களிடம் கேட்கிறேன். கூடப் பிறந்தவர் நீங்கள். சின்ன வயதிலிருந்து பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டவர். கோபம் வந்தால் குமுதா சாப்பிடுவாளா, தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போய்விடுவாளா? எழுந்து போகிறவள் என்றால், இவர் கூப்பிடும்போது அதை மட்டும் சொல்லுங்கள். என் கையால் சாப்பிட்டாளே, அதற்கு என்ன அர்த்தம் என்று அவருக்கே புரிந்துவிடும். இல்லை, கோபத்திலும் சாப்பிடுகிறவள்தான் என்றால், அக்கா, எனக்காக ஒரே ஒரு பொய் சொல்லிவிடுங்கள்.

உங்கள் தங்கை,
வசுதா