மத்தியானக்காரிக்கு நான் சொன்ன பதில்

அன்புள்ள குட்டிம்மாவுக்கு அப்பா எழுதறது. நீயும் மாப்பிள்ளையும் அங்க சுகமா இருந்தா எனக்கு அதுவே போதும். நேத்து போன்ல நீ அழுதியே, அதான் தையல் மெஷினை ஓரமா வெச்சுட்டு எழுத உக்காந்துட்டேன்.

நம்ம ரேடியோ நிலையத்தை இந்த மாசக் கடைசியோட இழுத்து மூடறாங்கன்னு சேதி வந்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. அம்மா போனதுக்கப்புறம் இந்த வீட்டுல எனக்குப் பேச்சுத்துணை அந்த மத்தியானக்காரிதானே. மத்தியான நிகழ்ச்சி நடத்தற பொண்ணு, நான் வெச்ச பேரு அது. கேக்கறவங்க எல்லாரும் பேஸ்புக்குல ஒண்ணு சேர்ந்து, அவங்கவங்க ரேடியோ இருக்கற இடத்தைப் போட்டோ எடுத்துப் போடுங்க, நாம எத்தனை பேருன்னு முதலாளி பாக்கட்டும்னாங்க. நானும் போனை அலமாரியில சாத்தி வெச்சு எதையோ அமுக்கினேன். அது லைவாம்! யாருக்குத் தெரியும்? நான் பாட்டுக்கு வாயில குண்டூசியைக் கவ்விக்கிட்டு காலர் தெச்சுக்கிட்டிருக்கேன். ஜன்னல் வெயில் துணி மேல படுத்திருந்துச்சு, பாட்டு எங்கேயோ தூரத்துல போற மாதிரி இருந்துச்சு, எனக்குப் பாதித் தூக்கம். ரேடியோவுல அவ வழக்கம்போல, உடம்பெல்லாம் எப்படி இருக்குன்னு கேட்டா. நானும் வழக்கம்போல ஊசியை எடுத்துட்டு, முட்டி உயிரை எடுக்குதும்மா, வாசப்படி இறங்க முடியலை, என் பொண்ணுகிட்ட மட்டும் சொல்லிடாதேன்னேன். ஊரே பாத்துடுச்சு. நீயும் பாத்துட்டே.

உன்கிட்டப் பேசி வெச்சதுக்கப்புறம், மானம் போச்சேன்னு போனைத் தொடவே இல்லை. மேல்வீட்டு நர்ஸம்மாதான் வந்து காட்டினாங்க. நானும் பதில் சொல்வேன், நானும் சொல்வேன்னு என் வீடியோவுக்குக் கீழ அத்தனை பேரு எழுதியிருக்காங்க. பஸ் ஓட்டறவர், வாத்தியாரம்மா, ஆளாளுக்கு ரேடியோகிட்டப் பேசறதைப் படம் பிடிச்சுப் போட்டிருக்காங்க. நான் ஒருத்தன்தான் கிறுக்குன்னு நெனச்சிருந்தேன், பாரேன்! இன்னிக்கு மத்தியானம் அவ, உடம்பெல்லாம் எப்படி இருக்குன்னு கேட்டுட்டு, பாட்டுப் போடாம சும்மா இருந்தா. மேல்வீட்டுல, எதிர் சலூன்ல, தெருமுனை வரைக்கும் ஜன்னல் ஜன்னலா பதில் கேட்டுச்சு. கனவா நெனவான்னே புரியாம நின்னேன். மூடறதை இப்போதைக்குத் தள்ளி வெச்சிருக்காங்களாம். மூடவே மாட்டோம்னு யாரும் இன்னும் வாய்விட்டுச் சொல்லலை.

ரேடியோகிட்ட சொல்றதை என்கிட்ட ஏன் சொல்லலைன்னு கேட்டியே. அவ கேட்டுட்டு அடுத்த பாட்டுக்குப் போயிடுவா. நீ கேட்டா போட்டது போட்டபடி ஓடி வருவே, அந்தப் பயம்தான். சரி, இப்ப உன்கிட்டயே சொல்றேன். முட்டி வலிக்குது. வீடு வெறிச்சுனு இருக்கு. உன்னைப் பாக்கணும்போல இருக்கு.

ரெண்டு பேரும் மகராசியா மகராசனா இருங்க. காலையில சாப்பிடாம வேலைக்கு ஓடாதே. லீவு கிடைக்குதான்னு கேட்டுப் பாரும்மா.

இப்படிக்கு,
உன் அப்பா