ஏழில் நின்ற எண்

2011 ஆகஸ்ட் 11

செத்தவருடைய பொதியில் நான் கைவைத்தேன் என்று மடற்குழுவில் எழுதுகிறார்கள். தவறு. நான் கைவைத்த அன்று யோவான் உயிரோடு இருந்தார்.

தேதிகளை இங்கே குறித்து வைக்கிறேன். எங்கள் கட்டற்ற மென்பொருள் திட்டத்தில் ஒவ்வொரு பொதியையும், அதாவது நிரல்தொகுப்பையும், ஒருவர் பராமரிப்பார். தமிழ் விசைப்பலகைப் பொதி புதுக்கடை யோவானுடையது. ஊர்ப்பெயர்ப் பட்டியல் பொதி என்னுடையது. அவருடைய புதிய பதிப்பில் ‘ழ’ தட்டினால் விழவில்லை. ஜூலை 31 அவருக்கு எழுதினேன். பதில் இல்லை. ஆகஸ்ட் 3 நானே திருத்தி ஏற்றினேன். பராமரிப்பாளர் பதில் தருவதில்லை என்று குழுவிலும் எழுதினேன். அவர் குழித்துறை ஆஸ்பத்திரியில் கிடந்தது எனக்குத் தெரியாது. ஐந்தாம் தேதி இறந்தார். ஆறாம் தேதி அடக்கம்.

திருத்தம் சரியானது. அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை.

ஆகஸ்ட் 12

காத்திருப்பு வரிசையில் என் பொதிக்கு ஒரு மாற்றம் நிற்கிறது. அனுப்பியவர் யோவான். அவருடைய கணினியில் மட்டும் இருக்கும் மின்சாவியால் கையெழுத்திட்டது. நேரம் நேற்று மாலை 4.10.

அடுத்தவர் பொதியைத் தொடுமுன் எழுதிக் கேட்டுப் பத்து நாள் காத்திருக்க வேண்டும் என்பது எங்கள் முறை. அது பிசகவில்லை. எனக்குத் தனியே ஒரு மடல்: “உங்கள் பொதியில் ஒரு வரி சேர்க்க விரும்புகிறேன். பத்து நாள் காத்திருப்பேன். வேண்டாமென்றால் சொல்லுங்கள்.” அவர் வழக்கமாக எழுதும் அதே மூன்று வாக்கியம். சேர்த்திருப்பது ஒரே ஊர்: குழித்துறை. பட்டியலில் அதை விட்டது நான்தான்.

வரிசை காட்டும் மீதி: ஒன்பது நாள்.

ஆகஸ்ட் 13

எட்டு.

ஆகஸ்ட் 14

ஏழு.

புதுக்கடைக்குப் போனேன். யாரோ அவருடைய கணினியை எடுத்து விளையாடுகிறார்கள், கண்டிக்க வேண்டும் என்றுதான் போனேன். யோவானின் மனைவி குளோரி அலமாரியைத் திறந்து காட்டினாள். கணினி ஒரு துவர்த்துத் துண்டில் சுற்றிக் கிடந்தது.

“அதுக்கெ சார்ஜர் ஆஸ்பத்திரியிலயே காணாமப் போச்சு டீச்சரே. அதுக்கப்புறம் உசிரே இல்ல. சாவி வார்த்தை அவியளுக்கு மட்டுந்தான் தெரியும்.”

நான் புறப்பட எழுந்தேன். அவள் எழவில்லை.

“உங்க லெட்டர படிச்சிட்டுத்தான் கிடந்தாவ. டீச்சர் பத்து நாளு நிப்பாவ, அதுக்குள்ள எழும்பிருவேன்னு சொன்னாவ. நின்னியளா டீச்சர்?”

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்றேன்.

ஆகஸ்ட் 15

ஏழு. நேற்றும் ஏழுதானே?

ஆகஸ்ட் 17

ஏழு.

ஆகஸ்ட் 19

வரிசையைக் கவனிக்கும் ரிஜோவைத் தொலைபேசியில் பிடித்தேன். அங்கேயும் ஏழுதானாம். மற்றவர்களின் மாற்றங்களுக்கு நாள் ஒழுங்காக இறங்குகிறது, இது மட்டும் நிற்கிறது, யாரும் தொடவில்லை என்றான். “வேண்டாம்னா ஒரு வரி எழுதுங்க டீச்சர், எடுத்துப் போட்டுருதேன். உங்க பொதி, உங்க இஷ்டம்.”

அந்த ஒரு வரியைத் தட்டினேன். அனுப்பவில்லை.

கான்வென்ட் விடுதியில் எங்கள் டிரங்குப் பெட்டிகளுக்குப் பூட்டு கிடையாது. அடுத்தவள் பெட்டியில் உன் சீப்பே கிடந்தாலும் அவள் வரும்வரை நில் என்பார்கள் சிஸ்டர். எட்டு வருஷம் நின்றிருக்கிறேன். இந்த மனுஷனுக்காக ஏன் என்னால் நிற்க முடியவில்லை? திருத்தம் சரி என்பதாலா? என் கடிதத்துக்குப் பதில் வரவில்லை என்பதாலா — அவ்வளவுதானா?

பத்தில் மூன்று போனால் ஏழு. இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஐந்து நாள் ஆகியிருக்கிறது.

ஆகஸ்ட் 21

ஏழு.

காலையில் குழுவில் எழுதினேன்: “பத்து நாள் காத்திருக்க வேண்டியவள் மூன்று நாள்தான் காத்திருந்தேன். பராமரிப்பாளரைப் பற்றி நான் எழுதியது தவறு. அவர் நோயுற்றிருந்தார்.” குளோரிக்கு அதையே கையால் எழுதித் தபாலில் சேர்த்தேன். கடைசியாக, யோவானின் மின்னஞ்சல் முகவரிக்கும் அனுப்பினேன். மடல் திரும்பி வரவில்லை.

ரிஜோவுக்குத் தட்டிவைத்த வரியை அழித்தேன்.

ஆகஸ்ட் 22

ஆறு.

ஆகஸ்ட் 25

மூன்று. தான் எதையும் தொடவில்லை என்று ரிஜோ சத்தியம் செய்கிறான்.

ஆகஸ்ட் 28

மாலை 4.10. மாற்றம் என் பொதிக்குள் வந்துவிட்டது. பட்டியலைத் திறந்து பார்த்தேன். குளச்சலுக்கு முன்னால், சரியான இடத்தில், குழித்துறை.

முறைப்படி நான் ஒப்புகை அனுப்ப வேண்டும். அனுப்பியதை இங்கே படியெடுத்து வைக்கிறேன்.

மதிப்பிற்குரிய யோவான் அவர்களுக்கு, உங்கள் மாற்றம் கிடைத்தது. ஏற்றுக்கொண்டேன். 21ஆம் தேதி நான் எழுதிய கடிதம் உங்களுக்குக் கிடைத்ததா? எழுத்தில் பதில் தரவும். பத்து நாள் காத்திருப்பேன்.