பிள்ளைகளுக்கு வராத கோழிப் பெரட்டல்

ஞாயிறு, இரவு

இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை. இன்று பாச்சாங்கில் எங்கள் சர்ச் மண்டபத்தில் ஆதரவற்ற பிள்ளைகள் இல்லத்துக்கு நிதி திரட்டும் மதிய விருந்து. கோழிப் பெரட்டல் என் பொறுப்பு. விடியும் முன்னே எழுந்து சமைத்தேன். இல்லத்துப் பிள்ளைகளையும் கூட்டி வந்திருந்தார்கள். பாடச் சொன்னார்கள், பாடினார்கள். பிறகு மேடையில் நிற்கவைத்துப் போட்டோ. அந்த நேரத்தில் இங்கே மேசையைச் சுற்றி பிளாஸ்டிக் பைகள் விரிந்தன. வயிறு முட்டச் சாப்பிட்டவர்கள் வீட்டுக்கும் கோழியைக் கட்டித் தாப்பாவ் பண்ணுகிறார்கள்!

விருந்தை நடத்துகிற மெர்சி அக்காவிடம் ஓடினேன். அவர் கையிலும் ஒரு பொட்டலம்.

“அக்கா, பிள்ளைங்க இன்னும் சாப்பிடல.”

“கூப்பன் வாங்கித்தானே வந்திருக்காங்க, விடு லா. பிள்ளைங்களுக்கு சாம்பார் இருக்கு.”

பிள்ளைகள் இறங்கி வந்தபோது சட்டியில் எண்ணெய்தான் கிடந்தது. யார் பேரைச் சொல்லி நடந்த விருந்து இது!

கடைசியில் அக்கா மைக்கைப் பிடித்தார். “கோழி ஒரு துண்டுகூட மிஞ்சல, எல்லாம் காலி! கை தட்டுங்க!”

மண்டபமே தட்டியது. சாம்பார் சோறு பிசைந்துகொண்டிருந்த பிள்ளைகள், எச்சில் கையைச் சட்டையில் துடைத்துவிட்டு, அவர்களும் தட்டினார்கள்.