சுவரைப் பார்த்து ஒட்டிய பக்கம்

அனுப்புநர்:
கட்டட வரைவாளர்,
நான்காம் குறுக்குத்தெரு, தையல் கடை மாடி.

பெறுநர்:
நகரமைப்பு அலுவலர் அவர்கள்,
கட்டட அனுமதிப் பிரிவு.

பொருள்: வீடு கட்டுவோருக்கான வழிகாட்டி விதிகளில் பாதி படிக்கக் கிடைக்காதது, அதனால் என் அக்காவின் அறை வரைபடம் நான்கு முறை திரும்பியது குறித்து.

மதிப்பிற்குரிய ஐயா,

அக்டோபர் 14, திங்கட்கிழமை, காலை 11.20 மணிக்கு என் வரைபடம் நான்காவது முறையாகத் திருப்பித் தரப்பட்டது. நான்கு முறையும் ஒரே காரணம்: "பக்கவாட்டில் ஒன்றரை மீட்டர் இடைவெளி இல்லை."

1. விபத்துக்குப் பின் அக்கா சக்கர நாற்காலியில் இருக்கிறார். வீடு மாடியில். நானும் மச்சானும் சேர்ந்து தூக்கினால்தான் அவர் தெருவைப் பார்க்க முடியும். ஐந்து மாதத்தில் ஆறு முறை பார்த்திருக்கிறார், ஆறும் மருத்துவமனைக்குப் போன நாட்கள்.

2. கீழே மச்சானின் தையல் கடையை ஒட்டி மூன்று மீட்டர் அகலக் காலியிடம் இருக்கிறது. அங்கேதான் அறையும் கழிவறையும். நாற்காலி திரும்ப ஒன்றரை மீட்டர் வேண்டும். நீங்கள் விடச்சொல்வதும் ஒன்றரை மீட்டர். மிச்சமுள்ள ஒன்றரை மீட்டரில் சுவரின் கனத்தையும் கழித்தால், உள்ளே போன நாற்காலி திரும்ப வழியில்லை, பின்னாலேயேதான் வெளியே வரவேண்டும்.

3. முதல் படத்தில் எல்லையை ஒட்டி வரைந்தேன். அடுத்தடுத்து அறுபது, தொண்ணூறு, நூற்றிருபது சென்டிமீட்டர் விட்டு அறையை நறுக்கிக்கொண்டே வந்தேன். நான்காவதைப் பார்த்த அக்கா, "இது ரூம் இல்லடா, பீரோ. என்னை மடிச்சு வைக்கப் போறியா?" என்றார்.

4. விதி எங்கே என்று கேட்டால் எழுத்தர் சுவரைக் காட்டுவார். அங்கே ஒரே ஒரு தாள் பசைபோட்டு ஒட்டியிருக்கிறது. இணையதளத்தில் வழிகாட்டியின் அட்டை மட்டும் திறக்கிறது. அலுவலகப் பிரதி, மாற்றலாகிப் போன அலுவலரோடு போய்விட்டதாம்.

5. திங்களன்றுதான் அந்தத் தாளின் கடைசி வரியைப் படித்தேன்: "தொடர்ச்சி பின்பக்கம்." மூன்று முறை அதன் முன்னால் நின்றும் படிக்காதது என் தவறு. ஈரத்தில் ஒரு மூலை உரிந்திருந்தது. கைப்பேசி வெளிச்சத்தில் தெரிந்தது இவ்வளவு: "ஆறு மீட்டருக்குக் குறைவான தெருக்களில் ஒரு பக்கம் எல்லையை ஒட்டி..." மிச்சம் பசைக்குள் இருக்கிறது. எங்கள் தெரு நான்கேகால் மீட்டர், அளந்துவிட்டேன்.

6. எழுத்தரிடம் சொன்னேன். "எட்டு வருஷமா ஒட்டிருக்கு தம்பி, யாரும் கேக்கல. நீ ஒருத்தன்தான் சுவத்துக்குப் பின்னாடி எட்டிப் பாக்குற" என்றார். அவர்மேல் புகார் இல்லை. அவரும் பாதிதான் படித்திருக்கிறார்.

எட்டு வருடமாகக் குறுகிய தெருக்காரர்கள் எல்லோரும் அகலத் தெருவின் விதிக்கு வீடு கட்டியிருக்கிறார்கள். அந்தத் தாளைச் சுவரிலிருந்து எடுக்க எழுத்துமூலம் அனுமதி தாருங்கள். மிச்ச வரிகள் எனக்கு எதிராக இருந்தாலும் ஏற்கிறேன். படிக்காமல் ஏற்கமாட்டேன்.

நாள்: அக்டோபர் 15
இடம்: மேற்படி முகவரி
(கையொப்பம்) கட்டட வரைவாளர், அக்காவுக்காக

இணைப்பு: அக்டோபர் 21 திங்கள், காலை பத்து மணிக்கு நான் செய்யப்போவது

1. வெந்நீரும், சுவருக்குப் பட்டி பூசும் தகடும் கொண்டுவந்து, எழுத்தர் முன்னிலையில் தாளைக் கிழியாமல் உரிப்பேன். சுவரில் வண்ணம் போனால் நானே பூசித் தருவேன்.
2. இருபக்கமும் நகலெடுத்து, பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு தாள் மாட்டுவேன்.
3. மிச்ச வரிகள் எதிராக இல்லையென்றால் ஐந்தாவது படம் வரையமாட்டேன். முதல் படத்தையே மீண்டும் தருவேன்.
4. அக்காவை அழைத்துவருவேன். அவர் ஏழாவது முறையாகத் தெருவைப் பார்ப்பது உங்கள் அலுவலகத்துக்கு வருவதற்காக இருக்கட்டும். வாசலில் மூன்று படி இருக்கிறது. மச்சானுக்குக் கடை இருப்பதால், நாற்காலியின் இன்னொரு பக்கத்தை நீங்கள் பிடிக்க வேண்டியிருக்கும்.